நாலாம் பாத்தியில் அரை டேங்க் மருந்து

அனுப்புநர்:
பம்புக்காரர்,
மருந்து தெளிக்கும் கூலித் தொழிலாளி,
வாய்க்கால் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
வேளாண்மை அலுவலர் அவர்கள்,
வேளாண்மை அலுவலகம்.

பொருள்: சோளச் சோதனை வயலில் நடந்த தவறு – என்மீது நானே அளிக்கும் புகார் – "மருந்தே தேவையில்லை" என்ற சீட்டை உடனே திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: விதைப் பையோடு தரப்படும் மஞ்சள் சீட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். புகார் என்றால் அடுத்தவர் மேல்தான் கொடுப்பார்கள். தங்கள் எழுத்தரும் அப்படிச் சொல்லித்தான் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். "உம்மேல நீயே புகார் குடுத்தா அதை எந்த ஃபைல்ல போடுறது?" என்றார். எந்தக் கோப்பில் வைத்தாலும் சரி, இன்றைக்கே படித்துவிட வேண்டுகிறேன்.

2. சென்ற பருவத்தில் மேட்டு வயல்காரர் நிலத்தில் தங்கள் அலுவலகம் நான்கு பாத்திகளில் சோளம் விதைத்துச் சோதித்தது. முதல் இரண்டில் பழைய ரகம். அடுத்த இரண்டில், நடுக்குருத்தை வாடவைக்கும் குருத்து ஈயைத் தாங்கும் புது ரகம். இரண்டு ரகத்திலும் ஒரு பாத்திக்கு மருந்து உண்டு, ஒன்றுக்குக் கிடையாது. நாலாம் பாத்தி மருந்தில்லாத புது ரகம். அதில் வெள்ளைக் கொடி நட்டு, அதன் காரணத்தையும் எனக்கு நன்றாகவே விளக்கினார்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

3. முளைத்த பன்னிரண்டாம் நாள் அடித்து முடித்தபோது அரை டேங்க் மிஞ்சியது. கலந்த மருந்தை வாய்க்காலில் கொட்டக் கூடாது, வீட்டுக்கும் கொண்டு போகக் கூடாது, கடைசிச் சொட்டுவரை பயிருக்கே என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். திரும்புகிற வழியில் நாலாம் பாத்தி. அங்கங்கே நடுக்குருத்து வாடத் தொடங்கியிருந்தது. பாவமாக இருந்தது, அடித்துவிட்டேன். ஒரே ஒரு முறைதான்.

4. கடைசி இரண்டு வரிசைக்கு மருந்து எட்டவில்லை. அவற்றில் கால்வாசிச் செடி காய்ந்தது. வரப்போரம் தண்ணீர் பற்றவில்லை என்று தங்கள் அலுவலகத்தார் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். மற்ற வரிசைகள் கதிர் முற்றி நின்றன. "மருந்தே இல்லாம வந்திருக்கு பாருங்கய்யா!" என்று மேட்டு வயல்காரர் மார் தட்ட, தாங்களும் கைதட்டினீர்கள். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு வாயைத் திறக்காதது அடித்ததைவிடப் பெரிய தவறு.

5. புது ரகம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பழைய ரகத்துக்கு மூன்று முறை அடித்தோம். இதற்கு ஒரு முறை போதுமாக இருந்தது. அதுவே பெரிய காரியம். ஆனால் அந்த ஒரு முறையைக் காலத்தில் கொடுக்க வேண்டும். அந்தப் பாத்தியை நம்பி அச்சடித்து விதையோடு தரும் மஞ்சள் சீட்டில் அது இல்லை.

6. இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். "மருந்து வேணாம்னா உனக்குப் பொழப்பு ஏது? அதான் பயங்காட்டுற" என்கிறார் அக்காள் வீட்டுக்காரர். அக்காளின் இரண்டு ஏக்கரும் இந்த விதைதான். முளைத்து நான்கு நாளாகிறது. வீட்டுக்குத் தானியமும் மாட்டுக்குத் தட்டையும் அதிலிருந்துதான். கூலி வேண்டாம், தேவைப்படும் நாளில் சும்மாவே அடித்துத் தருகிறேன் என்றேன். அக்காள் என்னை வரப்பிலேயே மறித்துவிட்டாள். சோதனை வயலில் செய்ததையும் மறைக்காமல் சொன்னேன். "வேலைக்காக இப்படியுமாடா பொய் சொல்லுவ? ஆபீஸ்ல அச்சடிச்சுக் குடுத்திருக்காங்கடா" என்று கண் கலங்கினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.

7. ஆகவே, "பத்துச் செடியில் ஒன்றுக்கு நடுக்குருத்து வாடினால் உடனே ஒரு முறை மருந்து அடிக்கவும்" என்று சீட்டைத் திருத்தி இந்த வாரத்துக்குள் வீடு வீடாகக் கொடுக்க வேண்டுகிறேன். ஐயமிருந்தால் அந்தக் கடைசி இரண்டு வரிசையின் குறிப்பை எடுத்துப் பார்க்கலாம்.

8. என்னைச் சோதனை வயல் வேலையிலிருந்து நீக்கிவிடுங்கள். திருத்திய சீட்டின் அடியில், "பம்புக்காரரை மருந்தடிக்க அழைக்க வேண்டாம்" என்றும் சேர்த்து அச்சடிக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்போதாவது நான் பிழைப்புக்காகச் சொல்லவில்லை என்று அக்காள் நம்புவாள். வேறு யாரையாவது கூப்பிட்டு மருந்து அடிப்பாள்.

நாள்: அக்காள் வயல் முளைத்த நான்காம் நாள்
இடம்: தங்கள் அலுவலக வாசல்

இப்படிக்கு,
தவறு செய்தவனும் மனுதாரருமான
(ஒப்பம்) பம்புக்காரர்