மதலைமுத்துவின் பெயரை எந்தப் பக்கம் வாசிப்பது

பெம்பான், மலாயா
17.11.1951, சனிக்கிழமை

அன்பு மகள் ஆக்னேஸுக்கு அப்பா ஆசீர் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அம்மாவும் சுகம். சுகம் என்றால் இங்கே இப்போது, காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது ஆஜர் சொன்னோம் என்று அர்த்தம், அந்த அளவில் சுகம். அலோர் ஸ்டாரில் நீயும் மருமகனும் குழந்தையும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான சுகத்தோடு இருக்க மன்றாடுகிறோம். உன் கடிதம் பதினெட்டு நாள் கழித்து வந்தது, யாரோ பிரித்துப் படித்துவிட்டு ஒட்டியிருந்தார்கள், நீ ஒட்டுவதைவிட நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆகையால் இதைத் தபாலில் போடாமல் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கிறிஸ்மஸுக்கு இங்கே வந்து நம் அடைக்கல மாதா கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வர வேண்டாம் அம்மா. குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருக்காமல் அங்கேயே கொடுத்துவிடு. உன் அம்மா இதைக் கேட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அவளுக்கும் காரணம் தெரியும், தெரிந்தும்தான் பேசவில்லை.

நீ பார்த்த ரப்பர் தோட்டம் இப்போது இல்லை. லயங்களை எல்லாம் ஓரிடத்துக்கு நகர்த்தி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். அளந்தவர் கோயிலை மறந்துவிட்டாரா, அல்லது மாதாவுக்கு அடையாள அட்டை இல்லையென்று விட்டுவிட்டாரா தெரியவில்லை, கோயில் வேலிக்கு வெளியே நாற்பது கஜத்தில் நிற்கிறது. ஆகஸ்டில் பக்கத்துத் தோட்டத்தில் பெரட்டு நேரத்தில் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து வந்து சுட்டதில் ஒரு கங்காணி போய்விட்டார், அதற்குப் பிறகு ஞாயிறு செபத்துக்கும் பந்தோபஸ்து வந்தது. ஏழு மணிக்குக் கேட்டைத் திறப்பார்கள், தலை எண்ணி வெளியே விடுவார்கள், தலை எண்ணி உள்ளே எடுப்பார்கள். கையில் சோறு, ரொட்டி எதுவும் கொண்டுபோகக்கூடாது, காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமாம். பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவர்கள் எப்படியும் பட்டினிதான், ஆகையால் சர்க்கார் உத்தரவில் நாங்கள் முன்கூட்டியே கடைப்பிடித்துவந்தது அது ஒன்றுதான். விசில் ஊதினால் எல்லாரும் தரையில் குப்புறப் படுக்க வேண்டும் என்று ஒரு சார்ஜன் வந்து ஒத்திகை நடத்தினார். விசில் ஊதினார், நம் சனங்கள் மொத்தமும் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மூன்றுதரம் ஊதினார், மூன்றுதரமும் அப்படியே. பூசையில் மணி அடித்தால் முழந்தாளிடச் சொல்லி முப்பத்தொரு வருடமாகப் பழக்கியவன் நான், ஒரு விசிலில் மாறிவிடுவார்களா. சார்ஜன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் கோயிலைச் சுற்றிக் காட்டைப் பார்த்து நிற்பார்கள். ஐந்தாவது ஆள் உள்ளே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டத்தில் பேசுவதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வான். டுரியான் துங்கால் ஊர்ப் பையன், வீரமுத்து என்று பெயர், முருகன் கோயில் திருநீறோடுதான் வருவான், வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வருவான், நல்ல பிள்ளை. முதல் வாரமே என்னிடம் வந்து, கொஞ்சம் மெதுவா வாசிங்கலா வாத்தியாரே, எழுதக் கை ஓட மாட்டேங்குது என்றான். என் வாசிப்பை ஒருவன் எழுதிக்கொள்கிறானே என்று எனக்கும் ஒரு பெருமை. அன்று முதல் நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

சாமியார் மலாக்காவிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருகிறார், மற்ற ஞாயிறுகளில் செபம் நான்தான் நடத்துகிறேன். செபத்தின் முடிவில் நான் வாசிக்கும் பட்டியல் உனக்கு நினைவிருக்கும், தாளின் இடப்பக்கம் மரித்த ஆத்துமாக்கள், வலப்பக்கம் வியாதிக்காரரும் பிரயாணத்தில் இருப்பவர்களும். பெரியநாயகியின் மகன் மதலைமுத்து, என் பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவன், இரண்டு வருடத்துக்கு முன் ஆற்றில் போய்விட்டான், கரையில் சட்டை மட்டும் கிடைத்தது என்று உனக்கு எழுதியிருந்தேன். அன்றிலிருந்து அவன் பெயர் இடப்பக்கத்தில் இருந்தது. இந்த மாதம் மரித்த ஆத்துமாக்களின் மாதம் அல்லவா, மூன்றாம் தேதி சனிக்கிழமை பெரியநாயகி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வாத்தியாரே, எம் மவன் பேர இனிமே செத்தவங்களோட வாசிக்காதீங்க என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு போலீசில் கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன், உன்னிடம் அப்படிச் சொல்லமாட்டேன், அவள் வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் காட்டுக்குள் இருந்தான், அவள் பார்த்திருக்கிறாள். உசுரோட இருக்கறவன செத்தவன்னு சாமி முன்னால சொன்னா பாவந்தானே, நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க என்றாள். பாவம்தான் என்றேன். அப்ப இந்தப் பக்கம் மாத்திடுங்க என்று வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். மாற்றி எழுதினேன். அவன் பெயரை எந்தப் பக்கமும் எழுதாமல் விட்டிருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை புத்தகம் படித்ததில் ஒன்றிலாவது அது எழுதியிருக்கும்.

மறுநாள் காலை, பிரயாணத்தில் இருக்கும் மதலைமுத்துவுக்காக என்று நிறுத்தி நிதானமாக வாசித்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களைக் காக்க நின்ற நாலு துப்பாக்கியும் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. வீரமுத்து எழுதிக்கொண்டான்.

ஸ்டேஷனில் ஓர் அதிகாரி இரண்டு வாரத்து நோட்டையும் ஒத்துப் பார்த்திருக்கிறார், போன வாரம் செத்தவர்களோடு இருந்த பெயர் இந்த வாரம் உயிரோடு இருப்பவர்களோடு வந்திருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். என் பட்டியலை இவ்வளவு கவனமாகப் படித்த முதல் மனிதர் அவர்தான். செவ்வாய்க்கிழமை பெரியநாயகியை ஜாசின் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அவள் எதுவும் சொல்லவில்லையாம், சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவள் பால் வெட்டும் மர நிரை ஆற்றோரத்தில் முடிகிறது, அந்தக் கோடியில் போய்க் காத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை அவன் அம்மாவைத் தேடி வந்தான். மத்தியானம் என்னை லாரியில் கூட்டிப்போனார்கள், ஞானஸ்நானப் புத்தகம் என்னிடம் இருப்பதால் உடலை அடையாளம் சொல்ல நான்தான் தகுந்த ஆளாம். படித்தவர் என்று நாற்காலி கொடுத்தார்கள். பார்த்தேன், அவன்தான் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். தாடி வளர்த்திருந்தான், உள்ளங்கால் முழுக்க வெடிப்பு.

மறுநாள் ஞாயிறு யாரும் செபத்துக்கு வரவில்லை, கோயில் மிகவும் பத்திரமாக இருந்தது. நேற்று வீரமுத்து வந்தான், வெளியே நின்றுகொண்டே பேசினான். நான் என்னாங்க பண்றது, கேட்டத எழுதணும், அதான் ஆர்டர்லா என்றான். உன்மேல் குற்றமில்லை, நான் தெளிவாக வாசித்தேன், நீ தெளிவாக எழுதினாய் என்றேன். அவன் அழுதுவிட்டான். பெரியநாயகியிடம் மகன் போன விஷயத்தை யாரும் சொல்லவில்லையாம், சொல்ல யாருக்கும் உத்தரவில்லையாம். அவள் அங்கே காவலுக்குப் போன இவனிடம், வாத்தியார் ஞாயித்துக்கிழம பேர வாசிச்சாரா, எந்தப் பக்கம் வாசிச்சாரு என்று கேட்டிருக்கிறாள். இந்த வாரமும் மறக்காம வாசிக்கச் சொல்லுப்பா, வந்து சொல்லு என்றாளாம்.

நாளை ஞாயிறு. நாளைக்குச் சனங்கள் வருவார்கள் போலிருக்கிறது, இரண்டு பேர் கேட்டுவிட்டுப் போனார்கள். பட்டியலை இப்போதுதான் எழுதி முடித்தேன். மதலைமுத்துவின் பெயரை வலப்பக்கம் எழுதியிருக்கிறேன், அவனுக்குக் கீழே பெரியநாயகியின் பெயரையும். அவன் எங்கே கிடத்தப்பட்டான் என்பது நாளை வருகிற எல்லாருக்கும் தெரியும், செத்தவனை உயிரோடிருக்கிறான் என்று சாமி முன்னால் சொல்வதும் பாவம்தான் என்று நானே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வீரமுத்து எழுதிக்கொண்டு போய் அவளிடம் சொல்வான். நிதானமாகவே வாசிப்பேன்.

குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாய், தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, தலைக்கு ஊற்றாதே. மருமகனை ரயிலடி வேலையில் யாரோடும் அரசியல் பேச வேண்டாம் என்று சொல். அடைக்கல மாதா உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்வாராக. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, இந்த மாதம் முடிவதற்குள் அங்கே உன் கோயிலில் மதலைமுத்து என்று பெயர் கொடுத்து, மரித்த ஆத்துமாக்களோடு வாசிக்கச் சொல். யார் என்று கேட்டால் கூடப் படித்தவன் என்று சொல். ஓர் இடத்திலாவது அவன் பெயர் சரியான பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. அருளப்பன், உபதேசியார்