இழக்கவில்லை, விட்டு வந்தாள்

ஜூன் 4, வியாழன்

காலை ஷிப்ட். எக்ஸ்ரே எடுத்தது இருபத்தேழு மார்பு, நான்கு முழங்கால். ஏ.சி. மறுபடி மக்கர். பாட்டி போய்ப் பன்னிரண்டு நாள். "தொண்ணூத்தி மூணு வயசு, நிறைஞ்ச வாழ்க்கை" என்கிறார்கள் எல்லோரும். தொண்ணூற்று நாலு இருந்திருந்தால் யாருக்கு வலித்தது?

ஜூன் 6, சனி

மாமா வந்தார். அடுத்த ஞாயிறு நினைவுக் கூட்டம். பேத்தி என்ற முறையில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். பேச்சை அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். "இளம் வயதிலேயே கணவரை இழந்து, அவர் நினைவிலேயே வாழ்ந்த உத்தமி."

சிரிப்பு வந்துவிட்டது. தாத்தா செத்தபோது பாட்டிக்கு ஐம்பது வயது. இருபத்தொன்பதிலேயே அவரை விட்டுவிட்டு வந்தவள் அவள். நடுவில் இருபத்தொரு வருடம் மனுஷன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தார்!

"மாமா, இது பொய்."

"எங்க சம்பந்தி வீட்டுக்கு இப்படித்தான் தெரியும். என் பிள்ளைங்களுக்கும். எழுதிக் குடுத்ததை மட்டும் படி."

அம்மா கதவோரம் நின்று கண்ணைக் காட்டினாள், விடுடி என்று.

விட முடியாது.

ஜூன் 7, ஞாயிறு

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு பாட்டி வழுக்கி விழுந்தபோது நான்தான் படம் எடுத்தேன். புதிதாக எதுவும் உடையவில்லை. ஆனால் இடது முன்கையில் ஒரு பழைய முறிவு, கோணலாகச் சேர்ந்திருந்தது.

"இது எப்ப விழுந்தே பாட்டி?"

"விழல. கட்டையைத் தூக்கிட்டு வந்தான் உங்க தாத்தன். மூஞ்சியில படாம கையை வெச்சுத் தடுத்தேன்."

மாவுக்கட்டு போட்ட ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லையாம். எட்டு வயது மாமா, இரண்டு வயது அம்மா, ஒரு பை. நேரே பஸ் ஸ்டாண்ட்.

"அழுதியா?"

"எங்க? பஸ் வந்துருச்சே."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

ஜூன் 9, செவ்வாய்

பாட்டி டிரைவிங் ஸ்கூலில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். வேலை முடிந்தபின் முதலாளியம்மாவிடம் கெஞ்சி ஓட்டப் பழகினாள். பிறகு முப்பத்தி நான்கு வருடம் ஊரார் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிக் கொடுத்தாள். "பிரேக் எங்கிட்டயும் இருக்கு. பயப்படாம மிதி." வேகம் காட்டும் ஆண்பிள்ளைகளிடம், "அவசரம்னா இறங்கி ஓடு, வண்டி எதுக்கு?"

எண்பது வயதில் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனாள். "எதுக்கும்மா இந்த வயசுல?" என்றார் அதிகாரி. "ஓட்டத்தான்" என்றாள்.

இவளையா? இவளையா ஒரு மூலையில உக்காந்து அந்த ஆளை நெனச்சு உருகினவளா ஆக்குறீங்க? வயிறு எரியுது.

ஜூன் 12, வெள்ளி

மாமா போன் செய்தார். "மீறிப் பேசினா என் வீட்டு வாசப்படி மிதிக்காதே."

அப்பா இல்லாத எனக்கு சைக்கிள் பழக்கியவர். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கெல்லாம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தவர்.

"சரி மாமா, மிதிக்கல" என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு

பேசினேன்.

மாமாவின் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். "பாட்டி கணவரை இழக்கவில்லை. கையை உடைத்த கணவரை விட்டுவிட்டு வந்தாள். அதை மறைக்கும்படி அவள் யாரிடமும் சொன்னதில்லை." அப்புறம் டிரைவிங் ஸ்கூல், பிரேக், லைசென்ஸ் எல்லாம்.

யாரும் கைதட்டவில்லை. மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

அவருடைய சம்பந்தியம்மா மட்டும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதையா இத்தனை வருஷம் மனசுல போட்டுப் பூட்டி வெச்சிருந்தார் உங்க மாமா? பாவம்."

பாவம்! இந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஜூன் 17, புதன்

மாமா போனை எடுக்கவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை, சாப்பாடு மட்டும் போடுகிறாள். வருத்தமா? ஆமாம். சொன்னதை வாபஸ் வாங்குவேனா? மாட்டேன்.

ஜூன் 21, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் மாமா. அம்மா சமைத்துக்கொண்டிருந்த அறைக்கு நேரே போய் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் சொன்னியே, உங்கம்மாவை யாரு தூக்கினது?"

எனக்குப் புரியவில்லை.

"எங்கம்மாவுக்கு ஒரு கையில கட்டு, இன்னொரு கையில பை. அப்ப இவளை யாரு தூக்கினது? நான்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும். எட்டு வயசு எனக்கு. அதை நீ சொல்லவே இல்லயே."

"எனக்குத் தெரியாது மாமா. சத்தியமா தெரியாது."

அம்மா அடுப்பை அணைத்தாள். அறுபத்தாறு வயதாகிறது, அவளும் இப்போதுதான் கேட்கிறாள். "நான் ரொம்ப அழுதேனாண்ணா?"

"நீயா? தோள்ல சாஞ்சு நல்லாத் தூங்கினே. என் சட்டையெல்லாம் எச்சில்."

மத்தியானம் இங்கேதான் சாப்பிட்டார். அடுத்த வாரம் என்னையும் அம்மாவையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளிடம் முழுக்கதையையும் அவரே சொல்லப் போகிறாராம். நான் நடுவில் வாயைத் திறக்கக் கூடாதாம்.