‘பதிவாகவில்லை’ என்று சொல்லும் திரை

மணமேல்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரூமானாவுக்குச் சளி குறைந்துவிட்டது, இப்போதுதான் தூங்கினாள். அங்கே உங்களுக்கு வெயில் எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியிலேயே கோபப்பட்டு வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

நீங்கள் தோஹா போகுமுன், நான் வேலை பார்க்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்த புரோகிராமில் நான் கை வைத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு பிள்ளைக்குப் போட நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டார். அந்தப் பிள்ளையின் அம்மாதான், “போன தடவ இந்த மருந்துலதாங்க ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு, எழுதிக்கிட்டீங்களே” என்று கையைப் பிடித்துத் தடுத்தார். திரையில் ஒவ்வாத மருந்தை எழுதும் இடம் காலியாக இருந்தது. ரிசப்ஷனில் இருக்கும் அடைக்கலமேரி அன்றைக்கே பதிந்தாளாம், ‘சேமிக்கப்பட்டது’ என்றும் வந்ததாம். அவளுக்கு நல்ல திட்டு. நான் அவளை நம்பினேன்.

உள்ளே திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும், பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது திரையில் பிழை என்று வந்தாலே உங்களைப் போனில் பிடுங்கினார்கள், தெரியும். ஆனால் நெட்வொர்க் அறுந்து எதுவும் பதியாதபோதும் அது ‘சேமிக்கப்பட்டது’ என்றே சொல்கிறது மச்சான்.

அந்த வரியை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டேன். அக்சஸ் மென்பொருளில் இதற்குக் குறுக்குவழி கிடையாதே, ஒவ்வொரு பட்டனாகக் கையால் மாற்றினேன். இனி எங்கே பிழை வந்தாலும் ஒரே இடத்துக்கு வரும். எந்தத் திரை, யார் பதிந்தார், என்ன பிழை என்பதெல்லாம் தனி ஃபைலில் விழும். திரையில் சிவப்பாக, ‘பதிவாகவில்லை, தாளில் எழுதிக்கொண்டு மறுபடி பதியவும்’ என்று வரும்.

இப்போது அது அடிக்கடி வருகிறது. “அண்ணன் போட்டப்ப ஒருநாளும் இப்புடித் திட்டலையேக்கா” என்கிறாள் அடைக்கலமேரி, அவளுக்காகத்தான் செய்தேன் என்பது தெரியாமல். டாக்டரும், “நல்லா ஓடுனதக் கெடுத்துட்டியேம்மா, பழையபடி போட்டுரு” என்றார். முடியாது சார் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் அஸ்வரையே கேட்டுக்கொள்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

நாளை உங்களுக்குப் போன் செய்வார். நீங்கள் சொன்னால் கேட்பார். சாமியா செய்ததுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்ல மனம் வராவிட்டால் போனை எடுக்காதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். பழையதை என் கையால் திரும்பப் போட மாட்டேன்.

புதன்கிழமை ரூமானாவுக்கும் அங்கேதான் ஊசி. துஆச் செய்யுங்கள்.

உங்கள்
சாமியா