மறுபடி வாங்கிய வீடுகள்

ஜன. 19, திங்கள்

காலையில் பனி. எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. பாப்பாவுக்கு மூக்கு ஒழுகல். காய்ச்சல் இல்லை. மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன், நாலாவது தடவை அத்தை முறைத்தார்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து பேசினார். ஆன்லைன் கடை பற்றித்தான்.

"பிரின்சி, புள்ளைய வச்சுக்கிட்டு மூணையும் இழுத்துக்கிட்டுக் கெடக்காத. ஒரு தடவ வாங்கினவங்க எத மறுபடி வாங்குறாங்கன்னு பாரு. அத மட்டும் வச்சுக்க, மத்தத விட்று."

கடையில் இருப்பதே மூன்று பொருள்:
– நலங்கு மாவு (ந.மா.)
– வசம்பு வளையல் (வ.வ.)
– குழந்தைகளுக்குச் சத்துமாவு (ச.மா.)

விடச் சொன்னால் விட வேண்டியது ச.மா.தான். வேலை அதில்தான் அதிகம். கேழ்வரகை ஊறப்போட்டு, முளைகட்டி, மாடியில் காயவைத்து, வறுத்து, மில்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் கடை ஆரம்பித்ததே அதற்காகத்தான். பாப்பா தின்பதும் அதைத்தான்.

இருப்பு ஆறு பாக்கெட். மாமா சனிக்கிழமை புதுக்கோட்டை போகிறார். கேழ்வரகு மூட்டை வேண்டுமா வேண்டாமா என்று அதற்குள் அவரிடம் சொல்ல வேண்டும்.

வாங்க: டயப்பர், பேக்கிங் டேப், அத்தைக்கு முட்டிவலித் தைலம்.

ஜன. 20, செவ்வாய்

பாப்பா மத்தியானம் முக்கால் மணிநேரம் தூங்கினாள். ஆர்டர் பட்டியல் முழுவதையும் லேப்டாப்பில் ஏற்றினேன். மூன்று வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தது இதற்காவது ஆகட்டும்.

செய்தது இவ்வளவுதான்: போன் நம்பரை வைத்து வரிசைப்படுத்தினேன். ஒரே நம்பர் இரண்டு தடவை வந்தால் அந்த ஆள் மறுபடி வாங்கியிருக்கிறார்.

ந.மா. பரவாயில்லை. வ.வ. கொஞ்சம். காரைக்குடியில் ஓர் அம்மா, தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் வாங்குவார் போல. ச.மா.? இரண்டே பேர். அதில் ஒருவர் என் சித்தி.

நம்பவே முடியவில்லை. ஆர்டர் வந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் எல்லாம் புது ஆள். ஒரு தடவை வாங்கியவர்கள் ஏன் திரும்பவில்லை?

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. முளைகட்டியதை ரூமுக்குள் ஃபேன் போட்டுத்தான் காயவைத்தேன். லேசாக ஈரவாடை அடித்தது. நன்றாக வறுத்தால் போய்விடும் என்று வறுத்து வைத்தேன், மாவாகி வந்ததும் அனுப்பியும் விட்டேன். பாப்பாவுக்கும் அதைத்தான் கொடுத்தேன், ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு? வயிற்றுக்குச் சேராமல் போயிருந்தால் எவள் மறுபடி வாங்குவாள்? திட்டி ஒரு வரிகூட எழுத மாட்டார்கள். பேசாமல் நிறுத்திவிடுவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.



ஜன. 21, புதன்

பனி. மாடியில் துணி காயவே இல்லை.

நவம்பரில் வாங்கியவர்களுக்குப் போன் செய்வது என்று முடிவு. பதினொரு பேர். முதல் நம்பரைப் போடவே கால் மணிநேரம் ஆயிற்று. எடுத்தது ஓர் ஆண். பின்னால் ஏதோ மிஷின் சத்தம்.

"நான் கத்தார்ல இருக்கேங்க. வீட்ல சொல்லுவாங்க, நான் இங்கிருந்து ஆர்டர் போட்டு விடுவேன். அது மாவா பவுடரான்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

"குழந்தை நல்லாருக்காங்களா?"

"ஏங்க, ஏன் கேக்குறீங்க?" குரலே மாறிவிட்டது.

சும்மாதான் கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐயோ, அந்த மனுஷனையும் பயமுறுத்திவிட்டேன். மீதிப் பத்துப் பேரைக் கூப்பிடத் தைரியம் இல்லை.

"என்னத்தா, மொகமே சரியில்ல?" என்றார் அத்தை.

"தூக்கம் இல்லத்தே."

பாப்பா வெளிக்கு இரண்டு தடவை போனாள். சாதாரணம்தான். நான்தான் குனிந்து குனிந்து பார்க்கிறேன்.

மூட்டை வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

ஜன. 22, வியாழன்

போஸ்ட் ஆபீஸ். ச.மா. பார்சல் இரண்டு. இடுப்பில் பாப்பா, கையில் பை. முகவரியைப் பார்த்து மிஷினில் தட்டுவது சகாயமேரி அக்கா. தட்டிக்கொண்டே இருந்தவர் நிறுத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"ஏம்மா பிரின்சி, அறந்தாங்கியில அந்த மாதா செலை வச்ச கெபி எதுத்தாப்ல இருக்க வீட்டுக்கு எத்தன தடவதான் அனுப்புவ?"

"இது புது ஆளு, அக்கா."

"பேருதான் புதுசு. போன தடவ வேற பேரு, அதுக்கு முந்தி வேற பேரு. மாதா கெபி எதுத்தாப்ல, பச்சை கேட், நாய் உண்டு. இத அடிச்சு அடிச்சு எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. அந்த வீட்ல எத்தன புள்ளைங்கதான் இருக்குங்க?"

பின்னால் நின்றவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தார் ஆள் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

மடச்சி நான். நானே என்றைக்காவது என் நம்பரில் எதையாவது வாங்கியிருக்கிறேனா? பாப்பாவின் தொட்டில் வீட்டுக்காரர் நம்பரில். கொசுவலை தம்பி நம்பரில். யார் போனில் பணம் இருக்கிறதோ அவர்கள்தான் போடுவார்கள். இதை மறந்துவிட்டு நம்பரைப் பிடித்துத் தொங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலை மறுபடி திறந்தேன். பெயர் வேண்டாம், நம்பர் வேண்டாம். முகவரியில் அடையாளம் மட்டும்:

மாதா கெபி எதிர் – ஐந்து தடவை. (கணவன், கொழுந்தன், மாமனார் போல, யாரோ ஒரு ஜெனிபர், இன்றைக்கு வேறொருவர்)
வாட்டர் டேங்க் சந்து, திருமயம் – நான்கு
பழைய ரேஷன் கடை மாடி – மூன்று
"ஆலங்குடி, போஸ்ட்மேனுக்குத் தெரியும்" – மூன்று

ந.மா.வையும் இப்படியே பார்த்தேன். கூடவில்லை, அது பெண்கள் அவரவர் போனிலேயே வாங்குவது. மூன்றிலும் அதிகம் திரும்புவது ச.மா.தான்.

நவம்பர் பாக்கெட் போன வீடுகள் பதினொன்றில் எட்டு மறுபடி வாங்கியிருக்கின்றன. எட்டு. இரண்டு தடவை எண்ணினேன்.

பாக்கி மூன்று.

ஜன. 23, வெள்ளி

வெயில், அப்பாடா.

பாப்பா விளையாடும்போதே மூன்று வீட்டுக்கும் போன்.

ஒன்று: தங்கை பிள்ளைக்குப் பரிசாக வாங்கியது.

இரண்டு: "எங்கங்க, இவன் வாயில வைக்கவே இல்ல, துப்பிட்டான். வெல்லம் போட்டும் பாத்தாச்சு. வயித்துக்கா? சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவனுக்கு நெலாவக் காட்டி பிஸ்கட்டு குடுத்தாலும் துப்புவான்."

மூன்று: "இப்ப எதுக்குங்க மாவு? மீன்கொழம்பு ஊத்துனாத்தான் சோறு எறங்குது அவளுக்கு. ஒரு வயசு முடிஞ்சிருச்சுல்ல."

அவ்வளவுதான். இதற்கா மூன்று நாள் செத்துப் பிழைத்தேன்.

மாதா கெபி வீட்டுக்கும் பேசினேன், அந்த அம்மாவிடமே. அவர் சொன்னது: "நவம்பர்ல ஒண்ணு வந்துச்சு பாருங்க, நல்லா வறுத்த வாசத்தோட. அது மாதிரியே அனுப்புங்கக்கா. அதுக்கப்புறம் வந்தது அம்புட்டு மணமில்ல. அதத் தின்னு பழகித்தான் இவ இத விட மாட்டேங்குறா."

நவம்பரா?

அத்தையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மழை, ஈரவாடை, பயம், போன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை.

"வாட அடிச்சது எனக்குத் தெரியாதாக்கும்? நீ வறுத்து வச்சுட்டுப் புள்ளையோட தூங்கிட்ட. நான் சின்னத் தீயில இன்னொரு வாட்டி வறுத்து, மோந்து பாத்துட்டுத்தான் மில்லுக்குக் குடுத்து விட்டேன். எம்பேத்தி திங்கிறதாச்சே."

"எங்கிட்டச் சொல்லலியே அத்தே."

"சொல்லியிருந்தா நீ அன்னைக்கே அழுதுருப்ப."

உட்கார்ந்து கூடக் கொஞ்சம் கீரை உருவினேன்.

சிங்கப்பூருக்குப் போன் போட்டுச் சொன்னேன்: ச.மா. நிற்காது, வ.வ.வைத்தான் விடுகிறேன், மறுபடி வாங்க வைத்தது உங்கள் அம்மாவின் இரண்டாவது வறுப்பு. "அப்ப அம்மாவுக்குச் சம்பளம் போடு" என்கிறார். அத்தை பக்கத்திலிருந்து, "அவன் மொதல்ல லீவப் போட்டு வரட்டும்."

ஜன. 24, சனி

மூட்டை வந்துவிட்டது. மாமா படியில் இறக்கிவிட்டு, "போதுமா, இன்னொண்ணு வேணுமா?"

கல் பொறுக்கினோம். இனிமேல்:
– ஈரம் இருக்கும் நாளில் முளைகட்டுவது இல்லை
– இரண்டு வறுப்பு, இரண்டாவது அத்தை
– அரைத்த தேதி பாக்கெட்டில் பெரிய எழுத்தில்
– வீட்டு அடையாளத்துக்குத் தனி நோட்டு
– எட்டு மாதப் பிள்ளை இருக்கும் வீடு எது, ஒரு வயதை நெருங்குவது எது, அதையும் கேட்டுக் குறிக்க. நிறுத்தினால் பயப்படாமல் இருக்கலாம்.

கேழ்வரகு ஊறப்போட்டாச்சு.

ஜன. 25, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போனோம். பாப்பா பிரசங்கம் முழுக்கக் கத்தினாள்.

மத்தியானம் ச.மா. கிண்ணத்தோடு அவள் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வாய் வாங்கினாள். அடுத்த வாய் கொடுப்பதற்குள் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, பக்கத்தில் அத்தை தட்டில் கையை விட்டாள். ரசம் சோறு. போன வாரம் என்றால் எதனால் என்று ராத்திரி முழுக்க யோசித்திருப்பேன்.

அத்தை ஊட்ட, சோறு மூன்று வாய் தின்றாள். நாலாவதுக்கு வாயைத் திறந்துகொண்டு அத்தையைப் பார்க்கிறாள்.