மேலே ஏறிட்டேன் அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் ஓரகத்தி எழுதுவது. இங்கே நாங்கள் நலம். போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

இன்று கலங்கரை விளக்கத்துக்கு ஏறிவிட்டேன்! துறைமுக வேலைக்காக உங்கள் கொழுந்தனாரோடு இந்தப் பழைய ஊருக்கு வந்த நாளிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலுக்கு மேலே செங்குத்துப் பாறை, அதன் நுனியில் வெள்ளைவெளேரென்று நிற்கிறது. அடிவாரத்தில் கோட்டைச் சுவர், துருப்பிடித்த பீரங்கி, அதன்மேல் தூங்கும் பூனை. அங்கிருந்து கல் படி. "வேண்டாம், பாதியில் உட்கார்ந்துவிடுவாய்" என்றார் அவர். கடைசியில் பாதியில் உட்கார்ந்தது அவர்தான்!

நம் வீட்டு மாடிப்படி ஏறவே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். உச்சியில் காற்று ஆளையே தள்ளியது. அடிவயிற்றுத் தழும்பின்மேல் கையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். காவலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். "எங்க அக்கா கொடுத்த கிட்னிங்க, இங்க வரைக்கும் ஏத்திடுச்சு" என்று அவரிடமே சொன்னேன். நீங்கள் தெய்வம் அக்கா. என் தோலைச் செருப்பாய்த் தைத்துப் போட்டாலும் போதாது. நீங்களும் ஒரு தடவை இங்கே வர வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
மாடிவீட்டுக்காரி


மார்ச் 9

மாடிவீட்டு மகாராணிக்கு,

நீ ஏறினாய் என்று படித்ததும் நான் போட்ட சத்தத்தில் மாமனார் ஓடி வந்தார். நூறு வயசு இரு. சந்தோஷம் அவ்வளவுதான், இனி என் வயிற்றெரிச்சல்.

என்ன புதுசாக "நீங்கள்", "தெய்வம்"? நான் டிவி சத்தத்தைக் கூட்டினால் மாடியில் தரையை இடிப்பாளே ஒருத்தி, அவள் எங்கே போனாள்? ஆபரேஷனுக்கு அப்புறம் எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறாய். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின மாதம் மாடியில் உன் சமையலறை அலமாரியை வாசலை மறைக்கிற மாதிரி நகர்த்தி வைத்தேன். வேண்டுமென்றேதான்! "நல்லாயிருக்குக்கா" என்றாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கிட்னியைத்தான் கொடுத்தேன், உன் வாயை வாங்கிக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்க்கக் கூசித்தான் ஊரைவிட்டே போனாயோ என்றுகூடத் தோன்றுகிறது. இந்தக் குடும்பத்தில் எனக்கு ஈடுகொடுத்துப் பேச நீ ஒருத்திதான் இருந்தாய். நீ என்னைக் கும்பிடுவதைப் பார்க்க நான் அங்கே வர மாட்டேன்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

என்ன நினைச்சுக்கிட்டிருக்கே உன் மனசுல? கூசி ஓடினேனாம்! பயந்தேன், அது நிஜம். வாயைத் திறந்தா "உசிரைக் கொடுத்தவகிட்டயே சண்டை போடுறா பாரு, நன்றி கெட்டவ"ன்னு சொந்தக்காரங்க பேசுவாங்களேன்னு பயந்தேன். அதனால எவ்வளவை முழுங்கினேன் தெரியுமா? அந்த அலமாரி மகா கண்றாவி. தினமும் முழங்கையை இடிச்சுக்கிட்டேன். "மாத்திரை போட்டியா, மாத்திரை போட்டியா"ன்னு வேளைக்கு வேளை மாடியேறி வருவியே, நான் என்ன பச்சைப்புள்ளையா? உன் டிவி சத்தம் இன்னும் என் காதுலயே இருக்கு.

அப்பாடா! எழுத எழுத நெஞ்சு லேசாகுது. உன்மேல கோபப்படலாம்னு நீயே சொன்னே பாரு, நீ கொடுத்ததிலேயே எனக்கு அதுதான் பெரிசு. நன்றிக்கா. இதோட சரி, இனிமே சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வந்து சேரு. வராம இருந்து பாரு, அப்புறம் தெரியும் சேதி. கல் படியில மூச்சு வாங்கினா கை கொடுப்பேன், பையை நீயேதான் தூக்கணும். இன்னொண்ணு. இந்த வீட்டுல கடல் தெரியுற ஜன்னல் ஒண்ணே ஒண்ணுதான். அதை ஒட்டி என் கட்டில். அதை மட்டும் கேக்காதே, தர மாட்டேன்.

உன் ஓரகத்தி