இருவர் தங்கும் அறை

மந்தைவெளி, சென்னை
ஜனவரி 6

கர்த்தருக்குள் அன்பான மதினிக்கு,

சுகிர்தா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கடிதத்தை ஓரமாக வைத்திருப்பீர்கள். பரவாயில்லை, எப்போது பிரித்தாலும் முழுவதும் வாசியுங்கள். அங்கே மழை எப்படி, உங்கள் முழங்கால் வலி எப்படி என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் தம்பியை அடக்கம் செய்த நாளிலிருந்து இந்த இரண்டு வருஷமாக நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டுச் சண்டையால் தள்ளிப்போன எருசலேம் பயணம் வருகிற பிப்ரவரியில் கிளம்புகிறது. எங்கள் சபையிலிருந்து நாற்பத்திரண்டு பேர். உங்கள் தம்பி அப்போதே எங்கள் இரண்டு பேருக்கும் பதிந்து வைத்திருந்தார் அல்லவா, அந்தப் பட்டியலில் அவர் பெயர் இன்னும் என் பெயருக்கு மேலே இருக்கிறது. அடிக்க எனக்குக் கை வரவில்லை. இப்போது போதகர் கூப்பிட்டு, இருபதாம் தேதிக்குள் அந்த இடத்துக்கு வேறு பெயர் தர வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே யாரையாவது போட்டுவிடுவார்கள் என்கிறார். அந்த இடம் உங்களுடையது மதினி. நீங்கள் வரவேண்டும்.

ஆயத்தமெல்லாம் பலமாக நடக்கிறது. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கூட்டம். கும்பலில் தொலைந்தால் கண்டுபிடிக்க எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு நாற்பத்திரண்டு பேரும் நின்றால் ஏதோ கட்சி மாநாட்டுக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கிறது. தினம் ஐந்து கிலோமீட்டர் நடந்து பழகவும் சொல்லியிருக்கிறார்கள். காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். வீட்டு வேலைக்கு வரும் தேவானை, "இன்னாம்மா, சாமியப் பாக்க இம்மாந் தூரம் போவணுமா? இங்கியே கீறாரே" என்று சாந்தோம் பக்கம் கையைக் காட்டுகிறாள்.

தி. நகரில் ஸ்வெட்டர் வாங்கப் போனேன். கடைப்பெண் ஊட்டிக்கா, கொடைக்கானலுக்கா என்று கேட்டாள். எருசலேமுக்கு என்றேன். அங்கெல்லாம் குளிருமா என்று அவளுக்குச் சந்தேகம். கீழ்வீட்டு விசாலாக்ஷி மாமி வழிக்குப் புளிக்காய்ச்சல் கிளறித் தருகிறாளாம். பதிலுக்கு ஒரு சின்ன பாட்டிலில் யோர்தான் தண்ணீர் வேண்டுமாம், பூஜை அலமாரியில் கங்கைச் செம்புக்குப் பக்கத்தில் வைக்க. மாமி எதிலும் கறார்தான்.

எதைச் செய்தாலும் உங்கள் தம்பி ஞாபகம். முப்பது வருஷம் பஸ் டெப்போவில் நேரம் குறித்த மனிதர் இல்லையா, ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வேதப்புத்தகத்தின் கடைசிப் பக்க வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலும் ஸ்கேலுமாக உட்கார்ந்துவிடுவார். எருசலேமிலிருந்து பெத்லகேம் என்ன பெரிய தூரம், மயிலாப்பூரிலிருந்து பெருங்குடிதான், ஷேர் ஆட்டோவிலேயே போய்விடலாம் என்பார். பவுல் நடந்த வழிக்கெல்லாம் பஸ் விட்டுப் பார்த்தார்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கட்டிக்கொண்டு வந்து இறங்கினால் வீடே வேறு வீடாகிவிடும். அக்கா திருநெல்வேலிப் பக்கம் ஒரு நாசரேத்தில் இருக்கிறாள், அவளை எதற்கு இன்னொரு நாசரேத்துக்குக் கூட்டிப் போகவேண்டும் என்று உங்களைச் சீண்டுவார். அறுபது வயது மனிதரின் தலையில் நீங்கள் நறுக்கென்று குட்டுவீர்கள். குட்டிய கையாலேயே முந்தானையை எடுத்து, அவர் வாயில் ஒட்டியிருக்கும் மாவைத் துடைத்தும் விடுவீர்கள். எனக்குச் சிரிப்பாக வரும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். தாயில்லாத நாலு வயசுப் பிள்ளையை வளர்த்த கை அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொறாமைதான்.

ஹோட்டலில் இரண்டு பேருக்கு ஓர் அறை. நீங்கள் வராவிட்டால் என் அறைக்கு வயலட் டீச்சர் வருவார். அவர் குறட்டையைச் சபையே அறியும். உங்கள் தம்பி விடாப்பிடியாக உங்களை எடுக்கவைத்த பாஸ்போர்ட் இன்னும் ஏழு வருஷம் செல்லும். முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி எழுதவேண்டியதை எழுதுகிறேன். போன ஞாயிறு கூட்டத்தில் ஆண்டவருடைய கல்லறையை எப்படிப் பார்க்கவேண்டும் என்று விளக்கினார்கள். வாசல் சின்னது, குனிந்து உள்ளே போய், ஒரு தடவை பார்த்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும், பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள் என்றார்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு என்றதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கு மழையில் உங்கள் ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். நேரே கல்லறைத் தோட்டத்துக்கே வந்தீர்கள். ஈரச் சேலையோடு பெட்டியின் மேல் கையை வைத்து, "பெட்டியத் திற சுகிர்தா, எந் தம்பி மொகத்த ஒருவாட்டி பாத்துக்கிடுதேன்" என்றீர்கள். நேரமாகிவிட்டது மதினி என்றேன். ஆணியைக் கழற்ற வந்தவர்களையும் தடுத்தேன். நீங்கள் வீட்டுக்குக்கூட வராமல் அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டீர்கள்.

நேரம் ஆகவில்லை மதினி. முந்தின நாள் மதியத்திலிருந்தே தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. ஃப்ரீசர் பெட்டி நின்றுவிட்டது. அந்த வெள்ளத்தில் ஐஸும் கிடைக்கவில்லை. காலையில் நான் பார்த்த முகம் உங்கள் தம்பியின் முகமாக இல்லை. இதற்குமேல் எழுத மாட்டேன். நீங்கள் வருவதற்குள் மூடச் சொன்னது நான்தான். காரணத்தை அங்கே சொல்லியிருந்தால் பார்க்காமலே பார்த்த மாதிரி ஆகியிருக்கும் உங்களுக்கு. என்மேல் கோபமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது இவ்வளவு நாள் நீடிக்கும் என்று நினைக்கவில்லை. இப்போது சொன்னதும் தப்போ என்னவோ. தனியாக வைத்திருக்க முடியவில்லை.

என் கஷ்டம் இன்னொன்று. கண்ணை மூடினால் எனக்கு அந்தக் காலை முகம்தான் வருகிறது. முப்பத்தாறு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்த முகம் வரமாட்டேன் என்கிறது. போட்டோவைப் பார்த்தாலும் யாரோ மாதிரி இருக்கிறது. அவர் முகத்தைக் கெடாமல் வைத்திருப்பது நீங்கள் ஒருவர்தான் மதினி. பத்து நாள் என்னோடு ஓர் அறையில் இருங்கள். திட்டவேண்டியதைத் திட்டி முடியுங்கள். அப்புறம் அவர் எப்படிச் சிரிப்பார், கோபம் வந்தால் எப்படி இருப்பார் என்று எனக்குச் சொல்லுங்கள்.

கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். கட்டாயம் வாருங்கள். எனக்கு அவரைத் திரும்பப் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
சுகிர்தா