கண்ணாவடித் தோணாவை மதகின்றி மீண்டும் அடைக்காதிருக்க வேண்டும் மனு

அனுப்புநர்:
ஸப்ரி சுபைறா,
தோணாக்கரை ஒழுங்கை, சாய்ந்தமருது.
இணைந்து கையொப்பமிடுபவர்: கனகசபாபதி மீனாம்பிகை,
தோணாவாய்க் குடியிருப்பு, காரைதீவு.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், கல்முனை.

விடயம்: இரு ஊர் மக்களும் சேர்ந்து திறந்துவிட்ட தோணாவின் குறுக்கே மறுபடியும் கிறவல் கொட்டுவதை நிறுத்தி, மதகு அமைத்துத் தருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. கண்ணாவடித் தோணா எங்கள் வீட்டு வேலிக்குப் பின்னால் தொடங்கி, கடலோரமாகவே தெற்கே ஓடி, காரைதீவுப் பக்கத்தில் கடலுடன் சேரும் சிறிய உப்புநீரோடையாகும். வடக்கு அந்தத்தில் எங்கள் முஸ்லிம் குடும்பங்களும், கடல்வாய் அருகே தமிழ்க் குடும்பங்களும் வசிக்கின்றோம். எனது கணவர் ஸப்ரி இதில் வீச்சுவலை வீசியே குடும்பத்தைப் பார்த்து வந்தார். மனு எழுதிப் பழக்கமில்லாதவள் நான். சொல்லில் பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. 1995ஆம் ஆண்டு, கடற்கரைக்குக் கல் ஏற்றும் லொறிகள் செல்வதற்காக ஒப்பந்தக்காரர் ஒருவர் தோணாவின் நடுவே கிறவல் மண் கொட்டிக் குறுக்கணை எழுப்பினார். தண்ணீர் போய்வர மதகு வைப்பதாக வாயால் சொன்னார். கல் ஏற்றும் வேலை முடிந்ததும் ஆட்களோடு போய்விட்டார். மதகு வரவில்லை. அணை மட்டும் நின்றது.

3. ஆரம்பத்தில் எங்களுக்கும் அது வசதியாகவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சுற்றிப் போகாமல் கடற்கரைக்கு நடக்க முடிந்தது. ஆனால் அணைக்கு வடக்கே, எங்கள் பக்கத்துத் தண்ணீர் அசைவதை நிறுத்திவிட்டது. கடல் ஏறினாலும் உப்புநீர் எட்டவில்லை. மழைநீரும் கிணற்றடிக் கழிவும் மட்டும் சேர்ந்து பச்சை நிறமாகிற்று. கடலிலிருந்து குஞ்சாக உள்ளே வந்து கரையோரக் கண்ணா மர வேர்களுக்குள் வளரும் இறாலுக்கு வழியில்லை. இறால் இல்லாமற் போக, அதைத் தின்ன வரும் கொடுவா மீனும் இல்லை. பின்பு கொக்குகளும் வருவதை விட்டன. கண்ணா மரம் சேற்றுக்கு மேலே விரல் விரலாக வேரை நீட்டி மூச்சு விடும் மரம். வடியாத தண்ணீரில் அந்த வேர்கள் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்க, இலை மஞ்சளாகி உதிர்ந்து, பல மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. எனது கணவர் வலையைச் சுருட்டிக் கூரையில் செருகிவிட்டு, சந்தையில் மூட்டை தூக்கப் போனார்.

4. மீன் போன இடத்தில் நுளம்பு பெருகியது. எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை என்றாயிற்று. எனது மகள் அப்ராவுக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை மலேரியா கண்டது. இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னை யாரென்று தெரியாமல் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி இம்மனுவில் மேலும் எழுத என்னால் இயலாது. அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை பிழைத்தது. அணையைப் பற்றி அன்றுதான் நான் வாய் திறக்கத் தொடங்கினேன்.

5. எங்கள் பகுதிக்கு மருந்தடிக்க வந்த சுகாதாரப் பரிசோதகர் திரு. புண்ணியமூர்த்தி அவர்கள், நான் கேட்டுக்கொண்டதற்கிணங்க அணையில் ஏறிப் பார்த்தார். இரு பக்கத்துத் தண்ணீரையும் இரண்டு வெள்ளைக் கோப்பைகளில் அள்ளி எங்கள் முன்னால் வைத்தார். வடக்குத் தண்ணீரில் நுளம்பின் புழுக்களான குடம்பிகள் நெளிந்தன. தெற்குத் தண்ணீரில் விரல் நகமளவு மீன்குஞ்சுகள் ஓடின. குடம்பி ஒன்றையும் காணவில்லை. வடக்குக் கோப்பைக்குள் அந்த மீன்குஞ்சுகளை விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அவை குடம்பிகளைத் தின்னத் தொடங்கின. “மருந்து ஒரு கிழமைக்குத்தான் தங்கச்சி. நாங்க அடிக்கிற மருந்துல மிச்சமிருக்கிற மீனும் சாகும். உப்புத்தண்ணி வந்து போனா இந்த வேலைய மீனே பாத்துக்கொள்ளும்” என்றார். அணையை அகற்றும் அதிகாரம் தமக்கில்லை என்றும் வருத்தத்தோடு கூறினார்.

6. கடந்த மாரியில் வெள்ளம் வந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் முழங்காலளவு தண்ணீர். ஆண்கள் மண்வெட்டிகளோடு அணைக்குப் போனார்கள். நானும் பெண்கள் சிலரும் பின்னால் போனோம். செய்தி அறிந்து தெற்கிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். 1990இன் இனக் குழப்பத்துக்குப் பிறகு இரு பக்கமும் அத்தனை பேர் எதிரெதிரே நின்றது அன்றுதான், ஐயா. யாரும் யாரையும் ஏசவில்லை. ஆனால் மண்வெட்டி பிடித்த கைகளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அக்கூட்டத்திலிருந்து இம்மனுவில் இணைந்துள்ள மீனாம்பிகை அக்கா அணைமேல் ஏறி வந்தார். “இப்ப வெட்டினா அவ்வளவு தண்ணியும் எங்கட வளவுக்குள்ளதான் விழும் புள்ள. கடல்வாயில மணல் மூடிக் கிடக்கு. தண்ணி எங்கால போற?” என்று என்னிடம் கேட்டார்.

“அப்ப எங்கட புள்ளைகள் இந்த ஊத்தைத் தண்ணிக்குள்ளயே கிடக்கிறதா அக்கா? என்ட மகள் ரெண்டு தரம் மௌத்தின்ட வாசல் வரைக்கும் போய்ட்டு வந்திரிக்காள்” என்றேன். அழக்கூடாது என்றுதான் போனேன், முடியவில்லை.

அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, தோணாவின் ஓட்டம் குறைந்த நாள் முதல் கடல்வாயில் மணல் சேர்ந்ததையும், தங்கள் வலைகளிலும் இறால் அற்றுப்போனதையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மேலிருந்து வரும் தண்ணீரின் வேகமே கடல்வாயை மூடாமல் வைத்திருந்தது என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. எங்களைக் கெடுத்த அணையே அவர்களையும் கெடுத்திருந்தது. “முதல்ல கடல்வாய வெட்டுவம். நீங்களும் வாங்க. அது திறந்தாப் பிறகு அணைய வெட்ட நாங்களும் வாறம்” என்றார் அக்கா. எங்கள் பக்கத்து ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனது கணவர்தான் முதலில், “ஓம், போவம்” என்று மண்வெட்டியைத் தோளில் வைத்தார்.

7. இராணுவக் காவலரணில் அனுமதி பெற்று, மறுநாள் காலை இரு ஊராரும் கடல்வாய் மணலை வெட்டினோம். காரைதீவுப் பெண்கள் தேநீர் தந்தார்கள். ழுஹர் தொழுகைக்கு ஒதுங்கியவர்களுக்கு அக்காவின் கணவர் கனகசபாபதி அண்ணன் தமது வளவில் பாய் விரித்துக் கொடுத்தார். அணையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். எந்த வீட்டுக்கும் சேதமின்றி எங்கள் பக்கத்து வெள்ளம் கடலுக்கு இறங்கியது.

8. அதன் பின் நடந்தவற்றைத் தாங்கள் நேரில் காணலாம். கடல் ஏறும்போது உப்புநீர் எங்கள் வேலி வரை வந்து போகிறது. பச்சை நிறம் போய்விட்டது. சித்திரை மாதமளவில் மணலை மீன் குஞ்சுகள் கூட்டமாக வந்தன; அடுத்து இறால். பட்டுப்போன மரங்கள் பிழைக்கவில்லை. ஆனால் அவற்றின் அடியில் ஓட்டத்தோடு வந்த கண்ணா விதைகள் முளைத்து, எனது மகளின் முழங்காலுக்கு வளர்ந்துள்ளன. திரு. புண்ணியமூர்த்தி அவர்கள் மீண்டும் வந்து எங்கள் பக்கத்துத் தண்ணீரை அள்ளிப் பார்த்து, “இனி எனக்கு இஞ்ச வேலையில்ல” என்று சிரித்தார். வெட்டிய நாளிலிருந்து எங்கள் ஒழுங்கையில் எவருக்கும் மலேரியா காணவில்லை. எனது கணவர் கூரையிலிருந்த வலையை எடுத்துப் பொத்தல்களை அடைத்துவிட்டார்.

9. இந்நிலையில் சென்ற கிழமை பாதை போடவென லொறிகள் திரும்பி வந்து, அணை வெட்டப்பட்ட இடத்தில் மீண்டும் கிறவல் கொட்டத் தொடங்கின. நானும் மீனாம்பிகை அக்காவும் பெண்கள் பலரும் லொறியின் முன்னால் போய் நின்றோம். பாதை வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. அணையை வெட்டிய இடத்தில் நாங்கள் போட்ட தென்னங்குற்றிப் பாலத்தில் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். நோயாளரைத் தூக்கிச் செல்ல வண்டி வர முடியவில்லை. பாதை எங்களுக்கும் வேண்டும். வேலையை மேற்பார்க்கும் தம்பி நாங்கள் சொன்னதை முழுதாகக் கேட்டார். “மதகுக்குக் குழாய் வைக்கச் சொல்லி மேலால ஒரு கடிதம் வந்தா, நான் சந்தோசமா வெச்சுத் தாறன். அதுவரைக்கும் லொறிய நிப்பாட்டி வைக்கிறன்” என்று சொல்லிப் போயிருக்கிறார். மாரிக்கு முன் வேலையை முடிக்கும்படி அவருக்குக் கட்டளை; அதிக நாள் அவராலும் பொறுக்க இயலாது.

10. ஆகவே ஐயா அவர்களிடம் நாங்கள் வேண்டுவன: பாதையின் கீழே கடல்நீரும் மழைநீரும் தடையின்றிப் போய்வரக்கூடிய அகலமான மதகு அமைக்க உத்தரவிடல் வேண்டும். அது அமையும் வரை கிறவல் கொட்டுவதைத் தடை செய்தல் வேண்டும். முளைத்து வரும் கண்ணாக் கன்றுகளின் மேல் கட்டடக் கழிவும் குப்பையும் கொட்டாதிருக்க அறிவித்தல் பலகை ஒன்று வைத்தல் வேண்டும். குழாய்களைத் தாங்கள் தந்தால் இறக்குவது, மண் வெட்டுவது, மூடுவது அனைத்தையும் இரு ஊராரும் கூலியின்றிச் சிரமதானமாகச் செய்து தருவோம். காரைதீவுப் பக்கத்து அதிகாரிகளின் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் பொறுப்பை மீனாம்பிகை அக்கா ஏற்றுள்ளார்.

கடிதம் மட்டும் படித்துத் தாங்கள் தீர்மானிக்க வேண்டாம். ஒரு தரம் வந்து பார்க்க வேண்டும். கடல் ஏறும் நேரம் வந்தால், தண்ணீர் உள்ளே வருவதையும் அதனோடு குஞ்சுமீன்கள் வருவதையும் காட்டித் தர இரு கரையிலும் நாங்கள் இருப்போம். தங்களது ஒரு கையெழுத்தில் இந்த மாரிக்குள் இக்காரியம் நிறைவேறும் என்று உறுதியாக நம்புகிறோம்.

இவ்வண்ணம், தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,

ஸப்ரி சுபைறா
கனகசபாபதி மீனாம்பிகை
(தோணாவின் இரு கரையிலும் குடியிருப்போர் சார்பாக)

இடம்: சாய்ந்தமருது
திகதி: 1997 ஆகஸ்ட் 18